காலோ கையோ, பெற்றோர் விருப்பம்

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், நான் விட்டுவந்த இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவை இப்போது அவள்தான் எடுக்கிறாள்.

“மிஸ், பெற்றோர் வழிபாட்டுக்கு இந்த வருஷம் என்னைப் பொறுப்பு போட்டிருக்காங்க. பழைய சர்க்குலரை எடுத்துப் பார்த்தேன். கடைசில ‘காலோ கையோ, பெற்றோர் விருப்பம்’னு ஒரு வரி இருக்கு. போட்டோல பாதிப் பிள்ளைங்க பெத்தவங்க காலைக் கழுவுது, பாதி கையைக் கழுவுது, பார்க்க நல்லா இல்ல, அந்த வரியை எடுத்துடுங்கன்னு புது மேடம் சொல்றாங்க. எடுத்துடவா?”

எடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் இழுத்தடித்தேன். எழுதப் போவது எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை என்பதுதான் காரணம்.

ஆவடியில் வீடு, கொரட்டூரில் பள்ளிக்கூடம். காலையில் ஒரு ரயில், சாயங்காலம் ஒரு ரயில் என்று போய்விட்டது வாழ்க்கை. ரெஜினா மிஸ் என்றால் பள்ளிக்கூடத் தெருவில் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். ஆசிரியர் பயிற்சி இரண்டு வருஷம் படித்தேன். மரியாதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஒரு சார்ட் வேலை. வேட்டி கட்டிய பெரியவர், எதிரே கை கூப்பிய பையன், கீழே ‘பெரியோரை மதிப்போம்’. நான் வரைந்த பெரியவருக்கு ஒரு கை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இருபதுக்குப் பதினேழு போட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வழியில் பார்க்கிற பெரியவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள், எத்தனை பேருக்குச் சொன்னீர்கள் என்று நாளைக்குக் கேட்பேன் என்று இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். சந்தோஷ் என்ற பையன் நூற்றுப் பத்து என்றான். பொய் சொல்லாதே என்று அதட்டினேன். பொய் இல்லை. அப்போதெல்லாம் கொரட்டூரில் ரயில்வே கேட். கேட் மூடுகிற நேரம் பார்த்துப் போய் நின்று, காத்திருந்த வண்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் வணக்கம் வைத்திருக்கிறான். மறுநாள் அவன் அம்மா வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

“இன்னா மிஸ், எம்புள்ள கேட்டாண்ட பிச்சை எடுக்குதுன்னு தெருவே பேசுது! இதான் பாடமா?”

ஒரு லாரிக்காரர் அவன் கையில் எட்டணா வைத்துவிட்டுப் போயிருந்தாராம். அதோடு மரியாதையை எண்ணிக்கையில் கேட்பதை விட்டேன். ஆனால் மரியாதை என்றால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்கிற எண்ணத்தை விடவில்லை. பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறதா, கை கட்டுகிறதா, வழி விடுகிறதா. இதைத்தான் பார்ப்பேன். இதை வைத்தே பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் மனதுக்குள் மார்க் போட்டுவிடுவேன்.

என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் வசந்தா மேடம்தான் தலைமையாசிரியை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மேஜைமேல் ஒரே ஒரு ஃபைல், பச்சை மைப் பேனா. யார் என்ன காரணம் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்பார். ரயில் லேட் மேடம் என்போம். “அப்புறம்?” பட்டரவாக்கத்தில் பத்து நிமிஷம் போட்டுவிட்டான் மேடம். “அப்புறம்?” நாலாவது ‘அப்புறம்’ வருவதற்குள், வழக்கமான ரயிலை விட்டுட்டேன் மேடம், தூங்கிட்டேன் என்று நம் வாயாலேயே கொட்டிவிடுவோம். அதற்குப் பிறகும் திட்ட மாட்டார். “சரி, கிளாசுக்குப் போங்க” என்பார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

பெற்றோர் வழிபாட்டை ஆரம்பித்தது அவர் இல்லை, நிர்வாகம். வேறு பள்ளிகளில் செய்கிறார்கள், படமெல்லாம் பேப்பரில் வருகிறது, நாமும் செய்வோம் என்றார் தாளாளர். முதல் வருஷம் பாத பூஜை என்ற பெயரில்தான் நடந்தது. பூஜை என்ற சொல்லுக்குக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில சங்கடப்பட்டதும், வசந்தா மேடம் பெயரை மாற்றினார். குங்குமமும் கற்பூரமும் போய், தண்ணீரும் துண்டும் ஒரு பூவும் மிஞ்சின. நான் கத்தோலிக்கக் குடும்பம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சர்ச்சில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவிவிடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். அதனால் இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. அங்கே குனிகிறவர் பெரியவர், இங்கே குனிகிறது குழந்தை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

நித்யா, செய்முறை கேட்டாய் அல்லவா, குறித்துக்கொள். நாற்காலிகளை நாலு வரிசையாகப் போடு. இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம் விடு, இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் தண்ணீர் பக்கத்து வீட்டு அம்மாவின் புடவையில்தான் போகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாம்பாளம், ஒரு டம்ளர், ஒரு கைத்துண்டு. டம்ளரில் முக்கால் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றாதே. வருகிறவர்கள் செருப்பை வகுப்பு வாரியாக விடச் சொல், மறந்தால் முடிந்த பிறகு ஜோடி தேடியே ஒரு மணி நேரம் ஆகும். ஒரு வாரம் முன்னாலேயே ஒத்திகை ஆரம்பித்துவிடு. ஒத்திகைக்குப் பெற்றோர் வரமாட்டார்கள் என்பதால் நாங்கள் பெஞ்சுக் காலை வைத்துத்தான் பழக்குவோம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெஞ்சுக் கால். ஊற்று, தேய், துடை, பூ வை, கும்பிடு. வாரக் கடைசியில் வகுப்பிலுள்ள பெஞ்சுக் கால் எல்லாம் பளபளவென்று இருக்கும். ஆயாம்மாவுக்கு அந்த ஒரு வாரம்தான் என்மேல் பிரியம்.

அப்பாவோ அம்மாவோ ஒருவராவது வரவேண்டும். இரண்டு பேரும் இல்லாத பிள்ளைக்குத் தாத்தா, பாட்டி, சித்தி யார் வேண்டுமானாலும் வரலாம். இருந்தும் வராதவர்களை விடமாட்டேன். இந்தக் கடைசி விதி மேடம் போட்டது இல்லை, நானே போட்டுக்கொண்டது.

நீ கேட்ட அந்த வரி வந்த வருஷம் என் வகுப்பில் யாமினி என்று ஒரு பெண் இருந்தாள். நன்றாகப் படிப்பாள், எழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். அப்பா வடக்கே லாரி ஓட்டுகிறவர், மாதக் கணக்கில் வரமாட்டார். அம்மா மல்லிகாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்னத் துணி கம்பெனியில், மதியம்வரை உட்கார்ந்து நூல் வெட்டுகிற வேலை. பள்ளி விடுவதற்கு வெகு நேரம் முன்னாலேயே வந்து, கேட்டுக்கு எதிரே சாக்கடைமேல் போட்டிருந்த சிமெண்ட் பலகையில் உட்கார்ந்துகொள்வார். பெரிய பை ஒன்றைக் காலுக்கு முன்னால் வைத்திருப்பார்.

நான் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்ததும், அந்தப் பலகையில் இருக்கிற அம்மாக்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். மல்லிகா எழமாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்து, “வணக்கம் மிஸ்” என்பார். ஆறு மாதம் இதைப் பார்த்தேன். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. உள்ளேயே வைத்துப் புழுங்கினேன்.

வழிபாட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது யாமினி என் மேஜைக்கு வந்தாள். “எங்கம்மா ஊருக்குப் போறாங்க மிஸ். அன்னிக்கு வர மாட்டாங்க.” பொய் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் சாக்பீஸ் டப்பாவைப் பார்த்தாள். அன்று மதியமே மல்லிகாவுக்குப் போன் செய்தேன்.

“எந்த ஊருக்கும்மா போறீங்க?”

“ஊருக்கெல்லாம் போவல மிஸ். எனுக்கு அதெல்லாம் வேணாம் மிஸ். அவங்க சித்தி வந்து குந்தட்டுமா? வானகரத்துல தான் கீது, சொன்னா வந்துடும்.”

“அம்மா இருக்கும்போது சித்தி எதுக்கும்மா? நீங்க வரலைன்னா உங்க பொண்ணுதான் தனியா நிக்கும். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.”

“கொழந்தைய தனியா நிக்க வெச்சிடாதீங்க மிஸ். வந்துடறேன்.”

போனை வைத்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

சனிக்கிழமை காலை கூடம் நிறைந்துவிட்டது. மேடையில் தாளாளரும் மேடமும். மல்லிகா எல்லோருக்கும் முன்னதாகவே வந்து, மூன்றாம் வரிசையில் சுவரோரக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் மைக்கில் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஊற்றினார்கள், தேய்த்தார்கள். பாதிப் பிள்ளைகள் வழக்கம்போல வலதுக்குப் பதில் இடது காலைப் பிடித்துக்கொண்டன. சில அப்பாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்து பாட்டு போடச் சொல்லி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். போட்டோக்காரர் பின்னாலேயே வந்தார்.

யாமினி அன்று பச்சைப் பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, பாவாடையை விரித்துத் தாம்பாளத்தையும் காலையும் மூடியிருந்தாள். கையை உள்ளே விட்டு என்னவோ செய்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்காகக் கழுவுவது போலவே இருக்கும்.

“யாமினி, பாவாடை நனையுது பாரு. எடு.”

“பரவால்ல மிஸ்.”

“எடுன்னு சொல்றேன்ல?”

“வேணாம் மிஸ்.”

“வுட்டுடுங்க மிஸ்,” என்றார் மல்லிகா. “அது பண்ணிகினு தான் கீது.”

அம்மாவும் பெண்ணும் சேர்ந்துகொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறார்களா என்று சுர்ரென்று வந்தது. யாமினியின் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். பாவாடை அவளோடு எழும்பியது.

மல்லிகாவின் வலது கால் யானைக்கால். முழங்காலுக்குக் கீழே ஒரே தடிமனாக வீங்கி, கணுக்கால் இருக்கிற இடமே தெரியாமல், தோல் மடிந்து பாதத்தின்மேல் விழுந்திருந்தது. புடவையை இழுத்து மூடப் பார்த்தார். தாம்பாளம் தடுத்தது, தண்ணீர் கொட்டியது. பின்னாலிருந்து கேமரா வெளிச்சம் அடித்தது. பக்கத்து நாற்காலிப் பிள்ளை, “ஐயே, அந்த ஆன்ட்டி காலைப் பாரும்மா!” என்றது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினார்.

யாமினி என் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். “தொடாத! எங்கம்மாவத் தொடாத!” என்று கத்தினாள். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. மேடைவரைக்கும் கேட்டது.

அந்த நிமிஷம் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். ஏழு வயதுப் பிள்ளை இத்தனை பேர் முன்னால் என்னைக் கை நீட்டி அடித்துவிட்டதே என்ற கோபம். இரக்கம் ஆவடி ரயிலில் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, அந்தப் பையும் அந்தப் பலகையும், ஆறு மாதமாக அந்த அம்மா ஏன் எழவில்லை என்பதும் விளங்கி, வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். தாளாளர் கோபமாக இருக்கிறார் என்றார். ஆசிரியையை அடித்த பிள்ளை மன்னிப்புக் கடிதம் கொடுக்கவேண்டும், அதில் அம்மாவும் கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போகட்டும் என்று சொல்லியிருக்கிறார். “என்ன நடந்துச்சு ரெஜினா?” என்று கேட்டார்.

“யாமினி காலைக் கழுவாம பாவாடையைப் போட்டு மூடிட்டு இருந்தா மேடம்.”

“அப்புறம்?”

“எடுன்னேன். எடுக்கல. தூக்கினேன். அடிச்சுட்டா.”

“அப்புறம்?”

அவ்வளவுதான் மேடம் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“அந்தம்மா முதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் போன் பண்ணி வரவெச்சேன்.”

“அப்புறம்?”

“சித்தி வரட்டுமான்னு கேட்டாங்க. கூடாதுன்னேன்.”

“ஏன்?”

அவர் ‘ஏன்’ என்று கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். சுற்றி வளைக்க இடமில்லை.

“அவங்க என்னைப் பார்த்து ஒரு நாளும் எழுந்திரிச்சதில்ல மேடம். அந்தக் கோபம்.”

பிள்ளைகளுக்கு மரியாதை சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவள், எனக்கு வராத மரியாதைக்காக ஒரு குழந்தையின் அம்மாவை ஊர் முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். மேடம் ஃபைலைத் திறந்தார். சர்க்குலரின் அடியில் பச்சை மையில், ‘காலோ கையோ, பெற்றோர் விருப்பம்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘காரணம் கேட்கக் கூடாது’ என்று இன்னொரு வரியும் எழுதினார். நித்யா, அந்த இரண்டாவது வரியைப் பிறகு யாரோ டைப் செய்யும்போது விட்டுவிட்டார்கள்.

“கடிதம் வேணாம்னு தாளாளர்கிட்ட சொல்லணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும்,” என்றார். “நீங்க இப்ப சொன்னதை அப்படியே சொல்லலாமா?”

வேலை போனாலும் போகும் என்று தெரிந்தது. சொல்லுங்க மேடம் என்றேன். “சரி, கிளாசுக்குப் போங்க” என்றார். வேலை போகவில்லை. கடிதப் பேச்சும் அதோடு நின்றது. அந்தப் படத்தைப் போட்டோக்காரரிடம் சொல்லி மேடம் தன் கண் முன்னாலேயே அழிக்க வைத்தார் என்று கேள்விப்பட்டேன். தாளாளர் மட்டும் அந்த வருஷம் முழுக்க என்னோடு பேசவில்லை.

அன்றைக்கே மல்லிகாவைப் பார்த்திருக்கவேண்டும். தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே வெளியே போனேன். பலகையில் அவர் மட்டும் இருந்தார். பக்கத்தில் போய், “பெரிய தப்பு பண்ணிட்டேன்மா. என்னை மன்னிச்சிடுங்க” என்றேன்.

“எங்கிட்ட இன்னாத்துக்கு மிஸ் கேக்கறீங்க?” என்றார். குரலில் கோபம் இல்லை. “எனுக்கு கண்ணாலம் ஆன நாள்லருந்து இந்த காலு தான். எத்தினியோ பேரு பாத்துகீறாங்க, சிரிச்சிகீறாங்க. மரத்துப் போச்சு. நேத்து கிளாஸ்ல எம்பொண்ண யானைக்கால் யானைக்கால்னு கூப்டாங்களாம். ஊட்டுக்கு வந்து சோறு துன்னல. இனிமே இஸ்கோலுக்கே போவலன்னு அழுதுச்சு, அட்சி தான் இட்டாந்தேன். கேக்கறதா இருந்தா அங்க போயி கேளுங்க மிஸ். அவங்க முன்னாடி தான பண்ணீங்க?”

பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கம். பிள்ளைகள் முன்னால் கேட்டால் அப்புறம் வகுப்பைக் கட்டி மேய்க்க முடியுமா என்ற பயம் இரவெல்லாம் இருந்தது. என்னுடன் வேலை பார்த்தவர்களும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விடுவாள் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்ததும் சொன்னேன்.

“மிஸ் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

கரும்பலகையில் தேதியையோ கிழமையையோ வேண்டுமென்றே தப்பாக எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்வது என் வழக்கம். அதனால் எல்லாரும் பலகையைப் பார்த்து, “கிழமை மிஸ்! கிழமை!” என்று கத்தினார்கள். கிழமை சரியாகத்தான் இருந்தது.

“போர்டுல இல்ல. சனிக்கிழமை பண்ணினேன். யாமினி அவங்க அம்மா காலை யாரும் பார்க்கக்கூடாதுன்னு மூடி வெச்சிருந்தா. நான் அவளைப் பிடிச்சுத் தூக்கி, எல்லாரையும் பார்க்க வெச்சுட்டேன். அது தப்பு. கொசு கடிச்சு வர்ற நோய் அது. உங்க அம்மாவுக்கும் வரலாம், எனக்கும் வரலாம். அதை வெச்சு யாமினியைக் கூப்பிடறவங்க, நான் பண்ணின தப்பையே திரும்பப் பண்றாங்க. யாமினி, என்னை மன்னிச்சிடும்மா.”

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் என்னையும் யாமினியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மிஸ் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. யாமினி மூன்றாவது பெஞ்சில் எழுந்து நின்றாள். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நான் உங்களை அடிச்சதுக்கு நானும் ஸாரி சொல்லணுமா மிஸ்?”

“வேணாம்மா.”

கொஞ்சம் யோசித்தாள்.

“சொல்லச் சொன்னாலும் சொல்லியிருக்க மாட்டேன் மிஸ்.”

ஒரு மிஸ்ஸிடம் இப்படிப் பேசலாமா, இப்போது என்ன நடக்கும் என்று வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது.

“ஆமா, இதுக்கெல்லாம் ஸாரி சொல்லக்கூடாது,” என்றேன். “உட்காரு.”